ஃபிளாஷுக்குச் சொன்ன ஜோசியங்கள்

2012 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் நடந்த மாநாடு ஒன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. 'நாண்ட் ஃபிளாஷ் நினைவகத்தின் இருண்ட எதிர்காலம்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர்கள் லாரா கிரப், ஜான் டேவிஸ், ஸ்டீவன் ஸ்வான்சன். 45 சிப்புகளை அளந்து, கிடைத்த எண்களைக் கொண்டு 2024 வரை ஒரு கோடு இழுத்தார்கள். சிப்பின் கொள்ளளவு ஏறிக்கொண்டே போகும், கூடவே தாமதமும் பிழையும் ஏறும், கடைசியில் வேகத்துக்காக வாங்கிய பொருளே வேகத்தை இழந்து நிற்கும் என்பது அந்தக் கோடு சொன்ன பலன்.

2024 வந்து போய்விட்டது. ஃபிளாஷ் இருளவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் மடிக்கணினி முதல் சட்டைப் பையிலிருக்கும் கைபேசி வரை அதுதான்.

தகவல் சேமிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கெடு வைத்துப் பலன் சொல்கிறார்கள். கெடு முடிந்த பிறகு யாரும் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பதில்லை. அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்க்கலாம். சென்னையின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் வானகரம் அதற்குத் தோதான இடம். வடக்கே பைபாஸில் ஏறினால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரவு மையங்கள். மேற்கே பூந்தமல்லியைத் தாண்டினால் இ.வி.பி. ஃபிலிம் சிட்டி, பிக் பாஸ் தமிழின் கேமராக்கள் இரவும் பகலும் ஓடியது அங்கேதான். ஆவடிப் பக்கம் தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா. ஊருக்குள்ளேயே பெரிய மருத்துவமனை, அதன் ஸ்கேன் படங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் கல்யாண மண்டபங்கள். அவற்றில் ஒன்றில் 2022-ல் அதிமுக பொதுக்குழு இருமுறை கூடியதால் ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது; மற்ற முகூர்த்த நாள்களில் அங்கே கூடுவது கல்யாண வீடியோகாரர்கள். சேமிப்பகம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை விதமான தேவைகள் இருக்கின்றன. எதிர்காலம் எது என்று ஒற்றைப் பதில் சொல்கிறவர் இவற்றில் ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறார்.

முதல் ஜோசியம் ஏன் பொய்த்தது? ஃபிளாஷ் என்பது எலெக்ட்ரான்களை அடைத்து வைக்கும் வித்தை. மின்கடத்தாப் படலம் சூழ்ந்த ஒரு நுண்ணிய அறைக்குள் ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைத் தள்ளுவார்கள். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை உள்ளேயே கிடக்கும். 1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் சேயும் அடிப்படையைக் கண்டார்கள். ஜப்பானில் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-லும் 1987-லும் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். (கண்டுபிடிப்புக்குரிய பங்கைக் கேட்டு அவர் தோஷிபா மீது வழக்குப் போட்டு, 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசமானார். உலகின் பாதிப் பைகளில் இருக்கும் பொருளுக்கு அது சொற்பம்.) ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தப் படலம் கொஞ்சம் தேயும். அறையைச் சின்னதாக்கச் சின்னதாக்க உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்களும் குறையும். சில கசிந்தாலே எழுதியது மாறிப்போகும். 2012-ல் மூவரும் அளந்தது இந்தச் சரிவைத்தான்.

அவர்கள் கணக்கில் பிழையில்லை. எடுகோளில்தான் பிழை. அறையைச் சுருக்குவது ஒன்றே வழி என்று எண்ணினார்கள். அடுத்த ஆண்டே, 2013-ல், சாம்சங் 24 அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பிய சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலே எழும்ப இடம் கிடைத்ததும் அறையை மீண்டும் பெரிதாக்க முடிந்தது. தேய்மானமும் கசிவும் குறைந்தன. 2024 நவம்பரில் எஸ்.கே. ஹைனிக்ஸ் 321 அடுக்குச் சிப்பைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. இதே வேகத்தில் ஏறும் என்று நானும் ஒரு கோடு இழுத்தால் அவர்கள் செய்த தவறையே செய்தவனாவேன். அடுக்கு கூடக்கூட மேலிருந்து கீழ்வரை துல்லியமாகத் துளை போடுவது கடினமாகிறது. ஒவ்வொரு அடுக்கும் செலவைக் கூட்டுகிறது. ஆனால் 'ஃபிளாஷ் முடிந்துவிட்டது' என்ற தீர்ப்பு இப்போதைக்குத் தள்ளுபடி.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பாதி இருந்தது. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை; அது பலித்துவிட்டது. ஓர் அறையில் எத்தனை பிட்டுகளை அடைக்கலாம் என்பது அது. ஆரம்பத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட். நிரம்பியதா காலியா என்று பார்த்தால் போதும். இன்று மலிவான எஸ்.எஸ்.டி.களில், அதாவது ஃபிளாஷ் சிப்புகளால் ஆன டிரைவ்களில், ஓர் அறைக்கு நான்கு பிட். அதற்கு 16 வெவ்வேறு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். டம்ளரில் காபி இருக்கிறதா இல்லையா என்று சொல்வது ஒன்று, அதே டம்ளரில் பதினாறு கோடு போட்டு எந்தக் கோடு வரை இருக்கிறது என்று சொல்வது வேறு. கொஞ்சம் ஆவியானாலே கணக்கு தப்பும். ஒரு பிட் காலத்தில் ஓர் அறை ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கியது. நான்கு பிட் அறைக்கு ஏறத்தாழ ஆயிரம் முறைதான். பிழைதிருத்தும் கணக்குகளாலும் கன்ட்ரோலர் சிப்பின் சாமர்த்தியத்தாலும் இது நம் கண்ணில் படுவதில்லை.

கண்ணில் பட்ட ஒரு தடவையைச் சொல்கிறேன். சாம்சங் 840 ஈவோ என்ற எஸ்.எஸ்.டி., அறைக்கு மூன்று பிட் வகை. 2014-ல் அதை வைத்திருந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள்: புதிதாக எழுதிய கோப்பு வேகமாகத் திறந்தது, மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கோப்பு ஆமை வேகத்தில் திறந்தது. அறைகளிலிருந்த மின்னூட்டம் மெல்ல நகர்ந்துவிட்டதால், பழைய தகவலைப் படிக்க டிரைவ் திணறியது. நிறுவனம் தந்த முதல் திருத்தம் முழுப் பலன் தரவில்லை. 2015-ல் வந்த அடுத்த திருத்தத்துக்குப் பிறகு, பழைய தகவலை டிரைவே அவ்வப்போது எடுத்துத் திரும்ப எழுதிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் தகவலைக் காக்கும் முறை அதுதான்: மின்சாரம் இருக்க வேண்டும், யாராவது திரும்பத் திரும்ப எழுத வேண்டும்.

இரண்டாவது ஜோசியம் ஃபிளாஷுக்கு வாரிசு வந்துவிட்டது என்றது. 2015 ஜூலையில் இன்டெலும் மைக்ரானும் மேடையேறி 3டி எக்ஸ்பாயின்ட் என்ற புது நினைவகத்தை அறிவித்தன. நாண்ட் ஃபிளாஷைவிட ஆயிரம் மடங்கு வேகம், ஆயிரம் மடங்கு ஆயுள் என்றார்கள். 'ஆப்டேன்' என்ற பெயரில் 2017-ல் கடைக்கு வந்தது. ஆயிரம் மடங்கு இல்லை. ஆனாலும் உண்மையிலேயே நல்ல பொருள். கேட்ட தகவலைத் தரும் தாமதம் நல்ல ஃபிளாஷ் டிரைவின் தாமதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்தது, தேய்மானமும் குறைவு. 2021 மார்ச்சில் மைக்ரான் கைகழுவி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்த ஆலையை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றது. 2022 ஜூலையில் இன்டெலும் மூட்டை கட்டியது; தேங்கிய சரக்குக்காக 55.9 கோடி டாலர் நட்டம் எழுதியது.

நல்ல பொருள் ஏன் தோற்றது? ஃபிளாஷைவிட விலை அதிகம், கணினியின் தற்காலிக நினைவகமான டி-ரேமைவிட வேகம் குறைவு. நடுவில் நின்ற பொருளுக்கு வாங்க ஆள் குறைவு. ஆள் குறைவால் உற்பத்தி குறைவு. உற்பத்தி குறைவால் விலை இறங்கவில்லை. ஃபிளாஷும் ஒரு காலத்தில் விலை கூடிய பொருள்தான். அதைத் தூக்கி நிறுத்தியவை டிஜிட்டல் கேமராவும் பாட்டுக் கேட்கும் கருவியும் பிறகு கைபேசியும். கோடிக்கணக்கான சாதாரண மக்கள் சிறு சிறு தொகையாகக் கொடுத்துத்தான் அந்த ஆலைகள் எழுந்தன. ஆப்டேனுக்கு அப்படியொரு எளிய சந்தை வாய்க்கவில்லை. புதிய நினைவகம் எது வந்தாலும் நான் முதலில் கேட்பது அதன் வேகத்தை அல்ல. அதை முதல் பத்து வருடம் யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள் என்பதை.

இந்தக் கேள்வியைக் கேட்டால் பல செய்திகள் தங்கள் அளவுக்குச் சுருங்கும். 2024-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர், ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 நிலைகளைப் பதிய முடியும் என்று நேச்சர் இதழில் காட்டினார்கள். மேலே சொன்ன பதினாறோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அதன் நோக்கம் உங்கள் புகைப்படத்தைச் சேமிப்பதல்ல. நினைவகத்துக்குள்ளேயே கணக்குப் போட்டு, செயற்கை நுண்ணறிவுக்குச் செலவாகும் மின்சாரத்தைக் குறைப்பது. 'இனி பென் டிரைவில் உலகமே அடங்கும்' என்ற பாணியில் அதை எழுதினால் அது அவர்களுக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

புது நினைவகங்கள் உண்மையில் வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அது கடையில் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் பிரேக்கையும் இன்ஜினையும் கட்டுப்படுத்தும் சிப்புக்குள் நிரலைச் சேமிக்கச் சிறிது ஃபிளாஷ் இருக்கும். அந்த வகை ஃபிளாஷை 28 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை. எனவே இன்ஃபினியான், தைவானின் டி.எஸ்.எம்.சி.யுடன் சேர்ந்து மின்தடை மாற்றத்தில் தகவல் பதியும் ஆர்-ரேமை வண்டிச் சிப்புக்குள் கொண்டுவருவதாக 2022-ல் அறிவித்தது. என்.எக்ஸ்.பி. காந்த முறையிலான எம்-ரேமைத் தேர்ந்தெடுத்தது. எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ், பொருளின் நிலை மாற்றத்தில் பதியும் வகையை எடுத்துக்கொண்டது. மூன்று நிறுவனம், மூன்று வழி. மூன்றிலும் ஃபிளாஷ் வெளியே. அம்பத்தூரும் பாடியும் வண்டி உதிரிபாகங்களால் வளர்ந்த ஊர்கள். லாரிகளுக்கு ஏ.பி.எஸ். செய்த வாப்கோ இந்தியாவின் முகவரி நெடுங்காலம் அம்பத்தூர் தொழிற்பேட்டைதான். இன்று அது இசட்.எஃப். குழுமத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியின் பொறியாளர்களுக்கு எதிர்கால நினைவகம் வந்து சேரப்போவது அந்தக் கதவு வழியாகத்தான், பென் டிரைவ் வழியாக அல்ல.

வண்டிக்குள் ஃபிளாஷைக் கணக்குப் பார்க்காமல் வைத்தால் என்னவாகும் என்பதற்கு டெஸ்லா சாட்சி. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. நடுத்திரைக்குப் பின்னாலிருந்த 8 ஜிபி ஃபிளாஷ் சிப், ஓயாமல் பதிவுக் குறிப்புகளை எழுதி எழுதி ஐந்தாறு வருடத்தில் தேய்ந்துபோனது. பின்புறக் கேமராப் படம் திரையில் வராமல் போனது. காரின் ஆயுள் பதினைந்து வருடம், அதன் நினைவகத்தின் ஆயுள் ஐந்து. சென்னையைச் சுற்றி மின்வாகன ஆலைகள் பெருகும் இந்நாளில் நம் வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்க வேண்டிய கேள்வி இது.

மூன்றாவது ஜோசியம் இன்னும் கெடுவுக்குள் இருக்கிறது. 2028-க்குப் பிறகு புதிய ஹார்டு டிஸ்க் எதுவும் விற்காது என்று 2023-ல் பியூர் ஸ்டோரேஜ் நிறுவனத்தின் அதிகாரி ஷான் ரோஸ்மரின் சொன்னார். அந்த நிறுவனம் விற்பது ஃபிளாஷ் சேமிப்பகங்களை. பால்காரர் மோரைப் பற்றிச் சொல்வதுபோல என்று இதைத் தள்ளிவிடலாம். தள்ளாமல் எடை போடுவோம்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஒரே டிரைவில் 122 டெராபைட் கொள்ளும் எஸ்.எஸ்.டி. 2024-லேயே அறிவிக்கப்பட்டது. ஹார்டு டிஸ்க் 30 டெராபைட்டைத் தாண்டியதே அதே ஆண்டில், சீகேட் நிறுவனம் லேசர் சூட்டில் எழுதும் முறையைக் கொண்டுவந்த பிறகு. தரவு மையத்தில் இடத்தைவிட மின்சாரம்தான் அளவுகோல். அம்பத்தூரில் என்.டி.டி. கட்டிய மையத்தின் கணினிச் சுமை 34.8 மெகாவாட். ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்சன் 2024 ஜனவரியில் அதே அம்பத்தூரில் திறந்த வளாகம் 100 மெகாவாட் வரை வளரத் திட்டமிட்டது. அங்கே ஒவ்வொரு வாட்டுக்கும் வாடகை. ஒரே டிரைவில் நாலு டிஸ்க்கின் தகவல் அடங்கினால், சுழலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் கணினிக்கு மிச்சம். மடிக்கணினியிலோ தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது: 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தது ஹார்டு டிஸ்க், இன்று அநேகமாக யாரும் அதை வைத்து மடிக்கணினி விற்பதில்லை.

ஆனால் 2028? இல்லை. பெருமளவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு டெராபைட் ஃபிளாஷின் விலை இன்னும் ஹார்டு டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு. அந்த இடைவெளி மூடிக்கொண்டே வந்தது என்னவோ உண்மை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் திரும்ப விரிந்தது. 2025 கடைசியில் விலை ஏறிய ஏற்றத்தில், மைக்ரான் தன் குரூசியல் என்ற சில்லறை வணிகப் பெயரையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. பெரிய மீனுக்குப் போட்டபிறகு சின்ன வாடிக்கையாளருக்குச் சரக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள். சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் எஸ்.எஸ்.டி. விலை கேட்டால் "இன்னிக்கு ரேட்டு இது சார், நாளைக்குக் கேரண்டி கிடையாது" என்று தங்க விலைபோலச் சொல்லும் நிலை வந்தது.

கண்காணிப்புக் கேமராவையும் பாருங்கள். ஆவடி காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் இயங்குகிறது. அதன் எல்லைக்குள் இருக்கும் கடை, அடுக்ககம், சந்திப்பு எல்லாவற்றிலும் கேமராக்கள். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரே ஒரு கேமரா ஒரு நாளில் 43 ஜிபி எழுதும். அடுக்கக வாசலில் டி.வி.ஆர். பெட்டிக்குள் சுழல்வது ஹார்டு டிஸ்க். அதற்கு இந்த எழுத்து ஒரு பொருட்டல்ல. அதே கேமராவுக்குள் 64 ஜிபி மெமரி கார்டைச் செருகினால், கார்டு முழுவதும் ஒன்றரை நாளுக்கொருமுறை அழிந்து எழுதப்படும். வருடத்துக்கு ஏறத்தாழ 250 முறை. கன்ட்ரோலர் தன் சௌகரியத்துக்காக உள்ளே இடம் மாற்றி எழுதுவதையும் சேர்த்தால் இரண்டு, மூன்று மடங்கு. ஆயிரம் முறை தாங்கும் மலிவான கார்டு இரண்டு வருடத்தில் ஓய்வது அதிசயமில்லை. ஓயும்போது சொல்லிக்கொண்டு ஓயாது என்பதுதான் தொல்லை: கேமராவில் சிவப்பு விளக்கு எரியும், கைபேசியில் நேரலை தெரியும், செயின் பறிப்பு நடந்த நாளின் பதிவைத் தேடும்போதுதான் ஒன்றுமில்லை என்பது தெரியும். இதற்கென்றே 'ஹை என்டியூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டுகள் விற்கின்றன. கொஞ்சம் விலை கூட, கொடுக்கலாம்.

மூன்று ஜோசியங்களும் பேசாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம். எழுதிவிட்டு எடுத்து வைத்தால் ஃபிளாஷில் எவ்வளவு காலம் இருக்கும்?

ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு எண் வைத்திருக்கிறது. சாதாரணக் கணினிக்கான எஸ்.எஸ்.டி., தன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும். நிறுவனங்களுக்கான எஸ்.எஸ்.டி. 40 டிகிரியில் மூன்று மாதம். இந்த எண்களைப் பாதி படித்துவிட்டு 2015-ல் 'எஸ்.எஸ்.டி. ஒரே வாரத்தில் தகவலை இழக்கும்' என்று செய்தி பரவியது. அது தவறு. இவை தேய்ந்து முடிந்த டிரைவுக்கான குறைந்தபட்ச வாக்குறுதி. புது டிரைவ் இதைவிடப் பல மடங்கு தாங்கும். பீதி கிளப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த 30 டிகிரி என்ற எண்ணை விட்டுவிட வேண்டாம். சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் பரணில் எவ்வளவு இருக்கும் என்பதை அங்கே கை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். வெப்பம் கூடக்கூட எலெக்ட்ரான்கள் கசிவதும் வேகமாகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: சூட்டில் எழுதிக் குளிர்ச்சியில் வைத்தால் ஃபிளாஷ் நீண்ட நாள் தாங்கும், குளிர்ச்சியில் எழுதிச் சூட்டில் வைத்தால் சீக்கிரம் மறக்கும். ஏ.சி. போட்ட எடிட்டிங் அறையில் எழுதிப் பரணில் போடுவது என்பது, சரியாகச் சொன்னால், தலைகீழ்.

வானகரம் மண்டபங்களில் நடப்பது அதுதான். முகூர்த்தம் முடியும் நேரத்தில் வீடியோகாரர்களின் மேசையைப் பார்த்தால் தெரியும். கார்டுகளில் கலர் டேப் ஒட்டி 'வரவேற்பு 1', 'முகூர்த்தம் கேம் 2' என்று எழுதியிருக்கும். டம்ப் ஆன, அதாவது நகலெடுத்து முடித்த, கார்டு ஒரு டப்பாவில், ஆகாதது இன்னொன்றில். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, வரவேற்பும் முகூர்த்தமுமாகப் பத்து மணி நேரம் என்றால் 900 ஜிபி. இதை அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுக்கும் கவனமான ஆள்கள் இருக்கிறார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டுமே என்ற அவசரத்தில் ஒரே நகலோடு ஃபார்மேட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாதங்கள் கழித்து வீட்டுக்கு வருவது, அழகான மரப்பெட்டியில் பெயர் பொறித்த பென் டிரைவ். பெட்டிக்குக் கொடுத்த கவனம் உள்ளிருக்கும் சிப்புக்குக் கொடுக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பென் டிரைவ்களுக்கு ஜெடெக் சொன்ன எஸ்.எஸ்.டி. வாக்குறுதி எதுவும் பொருந்தாது. நல்ல சிப்புகள் தரவு மையத்துக்கும் கைபேசிக்கும் போனது போக, மிச்சத் தரம் பெரும்பாலும் இங்கே வந்து சேரும். 32 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 1 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும் போலிகள் வேறு.

இந்த இடத்தில் மாற்று வழிகளாகச் சொல்லப்படுபவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2019-ல் 1978-ஆம் ஆண்டு சூப்பர்மேன் படத்தை, 75.6 ஜிபி, உள்ளங்கை அளவுக் கண்ணாடித் தகட்டில் லேசரால் பொறித்துக் காட்டியது. சூடும் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. டி.என்.ஏ.வில் ஒரு கிராமுக்கு 215 பெட்டாபைட் கொள்ளும் என்று 2017-ல் யானிவ் எர்லிக், டினா சிலின்ஸ்கி இருவரும் காட்டினார்கள். எழுதும் செலவுதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. இரண்டுமே அரசு ஆவணக் காப்பகங்களுக்கு ஒருநாள் உதவலாம். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் பொருளாக எதிர்பார்க்க எந்த ஆதாரமும் இல்லை. காந்த நாடா மட்டும் ஓசையில்லாமல் வேலை செய்கிறது: எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை கேசட் ஒன்று 18 டெராபைட் கொள்ளும், 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். சினிமாக்காரர்கள் படப்பிடிப்பின் மூலப் பதிவுகளை அதில்தான் பத்திரப்படுத்துகிறார்கள். கேசட் மலிவு, எழுதும் கருவி லட்சங்களில். ஒரு குடும்பத்துக்கு ஆகாது. பத்து வீடியோகாரர்கள் சேர்ந்து வாங்கினால் ஆகும். அப்படி ஒரு கூட்டு ஏன் இங்கே உருவாகவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

இந்தியாவே ஃபிளாஷ் செய்தால் நிலைமை மாறாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. குஜராத்தின் சாணந்தில் 2023-ல் மைக்ரான் அறிவித்த ஆலை, வெளிநாட்டில் செய்த சிப்புகளைப் பொருத்திச் சோதிப்பது; ஃபிளாஷ் வேஃபர் செய்யும் ஆலை இந்தியாவில் இல்லை. இருந்தாலும் அது காப்பாற்றும் என்பதற்கில்லை: சிடி, டிவிடி செய்வதில் உலக முன்னணியில் இருந்த நம் மோசர் பேயர், தமிழ்ப் படங்களை 34 ரூபாய் டிவிடியாக வீடுதோறும் சேர்த்த அதே நிறுவனம், 2018-ல் கலைக்க உத்தரவிடப்பட்டது. சேமிக்கும் ஊடகம் மாறும்போது உற்பத்தியாளரின் பெருமை உதவாது.

என் தீர்ப்பு இதுதான். வேலை செய்யும் நினைவகம் என்ற முறையில் ஃபிளாஷை அடுத்த பத்து ஆண்டுகளில் எதுவும் அசைக்காது. கணினியும் கைபேசியும் அதை விட்டு நகரா, தரவு மையத்தில் அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். ஹார்டு டிஸ்க் 2028-ல் சாகாது. மொத்தமாகக் கொட்டி வைக்கும் இடத்தில் அது நீடிக்கும். எம்-ரேமும் ஆர்-ரேமும் வண்டிக்குள் வெல்லும், வெளியே தெரியாது. எடுத்து வைத்துப் பாதுகாக்கும் பொருளாக மட்டும் ஃபிளாஷ் தேறவில்லை. பிட்டுகளை நெருக்கி விலையைக் குறைக்கும் அதே வழி அதன் நினைவாற்றலைத் தின்கிறது என்பதால், அடுத்த தலைமுறையில் இது சரியாகிவிடும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. கணினியில் செருகப்பட்டு, மின்சாரம் ஓடி, திரும்ப எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் ஃபிளாஷ் நம்பகமானது. பெட்டியில் போட்டுப் பூட்டியது அப்படியல்ல.

அதனால் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோகாரருக்கு முன்பணம் கொடுக்கும்போது, மூலப் பதிவு எத்தனை நகல், எதில், எத்தனை மாதம் வைத்திருப்பார் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பென் டிரைவ் கைக்கு வந்த அன்றே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்ததைப் பார்த்த பிறகும் எல்லா நகலையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது சரியல்ல. வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.